அரை உண்மைக்கு முழுப்பேர் போடலாமா?

(தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமலாப நிதியைப் பற்றியும், பிள்ளைகளின் நிறையைப் பற்றியும், குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதைப் பற்றியும் பேசுவோம். இன்றைக்கு வேறொரு விடயத்தைப் பேச வந்திருக்கிறோம். இதுவும் குடும்ப நலம்தான். கெட்ட தண்ணீர் குடித்தால் வயிறு கெடும். கெட்ட கதை கேட்டால் என்ன கெடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

உங்களுக்கு ஒரு கேள்வி. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தவருக்கு அரைப்பேர் போட்டால் சும்மா இருப்பீர்களா? இருக்கமாட்டீர்கள். கணக்கப்பிள்ளையிடம் கேட்பீர்கள், தலைவரிடம் போவீர்கள், தேவைப்பட்டால் பெரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். கேட்பதுதான் நியாயம். ஆனால் ஒருவர் வந்து அரை உண்மையை நம்மிடம் சொன்னால் என்ன செய்கிறோம்? அதற்கு முழுப்பேர் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஏன் அப்படி?

இதை இன்றைக்குப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடைய தோட்டத்துக்கு வந்துபோன சேலைக்கார நானாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மருதமுனைக் கைத்தறிச் சேலையும் சாரமும் கட்டிச் சுமந்துகொண்டு, தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வருவார். பொங்கலுக்கு முன்னும் ஒருமுறை வருவார். கையில் காசு இல்லை என்றால் கொப்பியில் எழுதிவிட்டுச் சேலையைக் கொடுப்பார். சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவீர்கள். புள்ளைக் காம்பராப் பக்கம் வந்தால் சின்னதுகளுக்கு ஆளுக்கொரு டொபி கொடுப்பார்.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவர் வந்தபோது லயத்தில் ஒரு கதை ஓடியது. அவர் கொடுக்கிற டொபியில் பிள்ளை பிறக்காமல் செய்கிற மருந்து இருக்கிறதாம். யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. யார் சொன்னது? அவர் சொன்னார், இவர் சொன்னார், கீழ்ப் பிரிவில் சொன்னார்கள். அன்றைக்கு அவரை மேல் லயத்துக்கு ஏற விடவில்லை. கட்டை அவிழ்க்காமலே திரும்பிப் போனார்.

நாங்களும் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது கல்முனைக் கரையில். அவர் பரம்பரையாகத் தறி நெய்கிற குடும்பம் என்பது எங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. திறந்தால் எங்களையும் சேர்த்துப் பேசுவார்களோ என்று பயம். புள்ளைக் காம்பரா அம்மாவிடம், "கொஞ்ச நாளைக்கு அவரை இந்தப் பக்கம் விடவேண்டாம்" என்று நாங்களே சொன்னோம். ஏன் விடவேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. நாங்கள் அப்படிச் சொன்னதும் அந்தக் கதைக்கு உத்தியோக முத்திரை விழுந்துவிட்டது. "ஐயாவே விடவேண்டாம் என்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்" என்று பேசிக்கொண்டார்கள். ஆகவே இன்றைக்கு உங்களுக்குப் புத்தி சொல்ல நாங்கள் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கைத் திருப்பிப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

அந்த மருந்துக் கதை நம்முடைய தோட்டத்தில் பிறந்ததல்ல. அதற்கு ஊர் உண்டு, தேதி உண்டு. ஊர், எங்கள் மாவட்டத்தின் தலைநகரான அம்பாறை. தேதி, 2018 பெப்ரவரி 26 இரவு.

அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர்களில் ஒருவர் கறியில் வெள்ளையாக ஒரு கட்டியைக் கண்டார். "இது பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை, நீதானே போட்டாய்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றிவர ஆட்கள். என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமலும் பயத்திலும் ஆமாம் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தத் துண்டுப் படம் நாடு முழுக்கப் போனது. அன்றிரவே கடையை அடித்து நொறுக்கினார்கள். பள்ளிவாசலையும் தாக்கினார்கள். வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள்.

அந்தக் கட்டியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பினார்கள். மார்ச் மாதம் அறிக்கை வந்தது. அது மாவுக் கட்டி. மருந்து ஒன்றும் அதில் இல்லை.

ரொட்டிக்கு மா பிசைகிற உங்களுக்கு மாக்கட்டி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டுமா? கறியைத் தடிப்பாக்க மாக் கரைத்து ஊற்றும்போது சரியாகக் கரையாவிட்டால் கட்டி தட்டும். அவ்வளவுதான் விடயம். ஆனால் அறிக்கை வரும்போது கடை உடைந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. பொய் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டது, உண்மை இன்னும் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது. நம்முடைய குடும்பநல மாது கொடுக்கிற மித்துரி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெண்கள் நாள் தவறாமல் விழுங்க வேண்டும். விழுங்குவதை நிறுத்தினால் திரும்பவும் பிள்ளை தங்கும். இது இங்கிருக்கிற தாய்மாருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்த தாய்மாரே அன்றைக்கு அந்தக் கதையை ஏன் நம்பினார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். நம்பியவர்களை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பயத்துக்கு வேர் உண்டு. 1980களில் இந்த நாட்டில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. தோட்டங்களிலிருந்தும் அம்மாமார், பாட்டிமார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று முழுதாக விளக்கம் பெற்றுப் போனவர்களும் உண்டு, விளங்காமல் கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள்தான் அப்போதும் அழைத்துப் போனார்கள். அந்தக் காயம் வீட்டுக்குள்ளே பேசப்படாமல் கிடக்கிறது. யாரோ ஒருவன் வந்து, "உன் பிள்ளைக்கு மருந்து போடுகிறார்கள்" என்றால், அந்தப் பழைய காயம்தான் முதலில் தலையாட்டுகிறது. நெஞ்சில் உண்மையான ஒரு நோவு இருந்தால்தான் பொய்க்கு உள்ளே ஏற வழி கிடைக்கும்.

சரி, அம்பாறையில் பொய் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அந்தப் படத்தில் கண்டது பொய்யா? இல்லை. அவர் ஆமாம் என்றது உண்மை, கட்டி இருந்ததும் உண்மை. விட்டுவிட்டது எது? அவருக்குப் பாஷை தெரியாது என்பதை விட்டார்கள். சுற்றி நின்ற கூட்டத்தை விட்டார்கள். கட்டி என்னவென்று யாரும் சோதிக்கவில்லை என்பதையும் விட்டார்கள். இப்படி, உண்மையான துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றதை மறைத்துவிட்டால் முழுப் பொய் தயார். பச்சைப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். உண்மையை நறுக்கிச் செய்கிற பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அம்பாறையோடு அது முடியவும் இல்லை. நாங்கள் ஊருக்குப் போகிற கண்டி - கல்முனை பஸ் திகன, தெல்தெனிய, மஹியங்கனை, அம்பாறை என்று போகும். அந்த ஒரே பாதையில்தான் அடுத்த நெருப்பும் எரிந்தது. 2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் அடித்தார்கள். சில நாளில் அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அது கொடுமை, அது உண்மை, அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் வீதித் தகராறில் நால்வர் செய்த குற்றத்தை ஒரு சமூகமே திட்டம் போட்டுச் செய்ததாகக் கதை கட்டினார்கள். அம்பாறை மாக்கட்டியையும் அதனோடு சேர்த்துக்கொண்டார்கள். மார்ச் 4 தொடக்கம் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. தங்கள் தளத்தில் பரவியவற்றுக்காகப் பேஸ்புக் கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பால் எரிந்த கூரை திரும்பி வருமா?

அடுத்த வருடம் அதே கதை சட்டை மாற்றிக்கொண்டு வந்தது. 2019 மே 23ஆம் திகதி சிங்களப் பத்திரிகை ஒன்றின் முதற்பக்கத்தில், ஒரு டொக்டர் நாலாயிரம் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று செய்தி போட்டார்கள். குருநாகல் ஆஸ்பத்திரி டொக்டர் ஷாபி சிஹாப்தீனை அடுத்த நாளே பிடித்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, சாட்சியம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை மாதம் பிணையில் வந்தார். பல வருடம் கழித்துத்தான் திரும்பவும் வேலையில் சேர்ந்தார். நாலாயிரம் என்று எண் சொன்னதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். எண் என்றால் யாரோ எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறோம் பாருங்கோ, அங்கேதான் விழுகிறோம். சிசேரியன் செய்கிற அறையில் டொக்டர் தனியே நிற்பாரா? தாதிமார், மயக்கமருந்து டொக்டர், உதவியாளர் என்று ஒரு கூட்டமே நிற்கும். அத்தனை பேரின் கண்ணுக்கும் தெரியாமல் நாலாயிரம் தடவையா? இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நம்முடைய நானாவின் டொபிக் கதை அந்த மாதம்தான் நம்முடைய லயத்துக்கு வந்தது. இப்போது விளங்குகிறதா, அது எங்கேயிருந்து நடந்து வந்தது என்று?

எண்ணைப் பற்றிச் சொன்னோம். எண்ணை வைத்து எப்படி ஏமாற்றலாம் என்பதற்கு நம்முடைய கதையையே சொல்கிறோம். முஸ்லிம்கள் பெருகிவிட்டார்கள் என்று காட்டுவதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். 1981 குடிசன மதிப்பீட்டில் இஸ்லாமியர் சுமார் நூற்றுக்கு ஏழரை, 2012இல் 9.7. எண் சரிதான். ஆனால் அதே கணக்கில் பௌத்தர்கள் 69.3இலிருந்து 70.1 ஆகக் கூடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்த முப்பது வருடத்தில் யுத்தத்தால் எத்தனையோ தமிழர்கள் நாட்டை விட்டுப் போனதைச் சொல்லமாட்டார்கள். ஒரு பங்கு குறைந்தால் மற்றப் பங்குகள் தானாகக் கூடித் தெரியும். ரொட்டியில் ஒருவர் துண்டை எடுத்துப் போனால் மீதியில் உன் பங்கு பெரிதாகத் தெரிவது போல.

இப்போது நம் பக்கம் வாருங்கள். குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் 1953இல் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 1981இல் ஐந்தரை. 2012இல் நாலு சொச்சம். ஒருவன் வந்து, "பார், உங்கள் ஆட்களை மருந்து போட்டுக் குறைத்துவிட்டார்கள்" என்று இந்த எண்களைக் காட்டினால் நம்பத் தோன்றும் அல்லவா? எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் காரணம் வேறு. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றும் எழுதினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கப்பல் ஏறிப் போன நம்முடைய சித்தப்பாமாரும் அத்தைமாரும்தான் அந்த எண்ணில் காணாமல் போனவர்கள். பிந்திய கணக்கெடுப்புகளில் இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டவர்களும் பலர். எண் உண்மையாக இருந்தாலும், அதற்குச் சொல்கிற காரணம் உண்மையா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சம்பள விடயத்திலும் இதைக் கண்டோம். 2024 மே மாதம், "1700 ரூபா வந்துவிட்டது" என்று தோட்டமெல்லாம் வெடி கொளுத்தினார்கள். வர்த்தமானி வந்தது உண்மை. அதில் 1350 ரூபா அடிப்படைச் சம்பளம், 350 ரூபா மேலதிகக் கொடுப்பனவு என்று பிரித்திருந்ததை வெடி கொளுத்தச் சொன்னவர்கள் சொல்லவில்லை. கம்பனிகள் வழக்குக்குப் போனதும், ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதும் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்றுதான் தீர்ந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் வரப்போகிற 1700ஐ நம்பிக் கடன் பட்ட வீடுகள் நமக்குத் தெரியும்.

இனி எங்கள் கல்முனைக் கரைக்கு வருகிறோம். கொரோனாக் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஏப்ரலில், அந்த நோயால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். எங்கள் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே எல்லாம் மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆகவே அந்தப் பேச்சு நியாயம் போலத் தோன்றியது. தண்ணீர் மேலே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் புதைத்த உடலிலிருந்து அந்த நோய் தண்ணீர் வழியாகப் பரவும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே சொல்லியிருந்தது. உண்மையான முதல் பாதியோடு, நிரூபிக்காத இரண்டாம் பாதியை ஒட்டிவிட்டார்கள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைக்கூட எரித்தார்கள். உம்மா வாப்பாவின் மையித்தை அடக்க முடியாமல் எங்கள் சனம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ஓட்டமாவடியில் ஒதுக்கிய நிலத்துக்கு எங்கள் ஊர்களிலிருந்தும் மையித்துக்களைக் கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இதைக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் மட்டும் எப்போதும் அடிபட்ட பக்கம் என்று நாங்கள் சொல்வதாக நினைக்கவேண்டாம். அப்படிச் சொன்னால் நாங்களும் உண்மையை நறுக்கியவர்களாவோம். கரையில் எங்கள் முஸ்லிம் வீடுகளில் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதியைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்துத் தமிழ் வீடுகளில் அதே ஆகஸ்ட் 12ஆம் திகதியைச் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அன்று வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களைக் கொன்றார்கள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் ஒன்பது நாள்தான் இடைவெளி, ஒரு மாவட்ட எல்லைதான் இடைவெளி. ஆனால் ஒரு வீட்டில் ஒரு தேதிதான் சொல்லப்படுகிறது. மற்றத் தேதியைக் கேள்விப்படாமலே பிள்ளை பெரிதாகிறது. பிறகு அந்தப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் கல்முனைச் சந்தியில் சந்தித்தால், இரண்டு பேரும் உண்மையே பேசிக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். எங்களுக்கும் வீரமுனையைப் பற்றி வயது வந்த பிறகுதான் தெரியும். சொன்னது எங்களோடு படித்த ஒரு தமிழ்ச் சினேகிதர்.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். குண்டுவெடிப்புக்கு ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒளிந்திருந்த வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். பதினைந்து பேர் இறந்தார்கள். அதில் ஆறு பேர் பிள்ளைகள். சாய்ந்தமருது கல்முனைக்கு அடுத்த ஊர். அதற்குப் பிறகு எங்கே போனாலும், "நீங்கள் அந்த ஊர்ப் பக்கமா?" என்று ஒரு மாதிரிக் கேட்பார்கள். அந்த வீட்டில் வந்திருக்கும் ஆட்களைப் பற்றிச் சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தது யார்? அதே சாய்ந்தமருது முஸ்லிம் சனம்தான். அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. குண்டு வெடித்த வீடு எல்லோருக்கும் ஞாபகம். காட்டிக்கொடுத்த அயல்வீட்டை எவரும் ஞாபகம் வைக்கவில்லை. ஒரு ஊரைப் பற்றி ஒரு பாதியை மட்டும் சொன்னால் அது அந்த ஊரே இல்லை.

சரி ஐயா, இனி நாங்கள் என்ன செய்வது, எல்லாவற்றையும் சந்தேகப்படுவதா என்று கேட்பீர்கள். வேண்டாம். எதையும் நம்பாதவர் எல்லாவற்றையும் நம்பியவரை விடக் கஷ்டப்படுவார். ஆஸ்பத்திரி மருந்தையும் நம்பமாட்டார், பள்ளிக்கூட ஆசிரியரையும் நம்பமாட்டார். நாங்கள் சொல்வது, நிறுவைக்காரரிடம் கேட்கிற கேள்வியைக் கதைக்காரரிடமும் கேளுங்கள் என்பதுதான்.

கொழுந்து நிறுக்கும்போது என்ன செய்கிறீர்கள்? முள்ளை நீங்களே எட்டிப் பார்க்கிறீர்கள். சாக்குக்கு எத்தனை கிலோ கழித்தாய், ஈரத்துக்கு எத்தனை கழித்தாய் என்று கேட்கிறீர்கள். அதே மாதிரி ஒரு கதை வந்தால், இதைக் கண்ணால் பார்த்தது யார் என்று கேளுங்கள். அவர் சொன்னார் இவர் சொன்னார் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். படம் காட்டினால், இதற்கு முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன நடந்தது என்று கேளுங்கள். எண் சொன்னால், யார் எண்ணினார்கள், எதைக் கழித்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியில், இதை நான் நம்பினால் யாருக்கு இலாபம் என்று உங்களையே கேளுங்கள். கடையை மூட வைத்தால் அடுத்த கடைக்கு இலாபம். சனத்தைப் பிரித்தால் வோட்டுக் கேட்பவருக்கு இலாபம். நமக்கு என்ன கிடைத்தது? தீபாவளிக்குக் கடன் தந்த மனிதரை இழந்ததுதான்.

தம்பிமாருக்குத் தனியாக ஒரு சொல். இப்போது லயத்தில் வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வதந்தி மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு வர ஒரு நாள் எடுக்கும். வழியில் யாராவது ஒரு கிழவி, "போடா, உனக்கென்ன பைத்தியமா" என்று அதை நிறுத்தியும் விடுவாள். இப்போது பெருவிரலால் ஒரு தட்டு. நடுவில் அந்தக் கிழவி இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் அந்தக் கிழவியாக வேண்டும். கோபம் வருகிற மாதிரி ஒரு செய்தி வந்தால், அதை ஒரு இரவு வைத்திருங்கள். காலையில் பெரட்டுக்குப் போகும்போதும் அது உண்மை மாதிரித் தெரிந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். மருந்துக் கதையென்றால் குடும்பநல மாதிடமும் ஈ.எம்.ஏ. ஐயாவிடமும் கேளுங்கள். சம்பளக் கதையென்றால் வர்த்தமானியைத் தலைவரிடம் கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்களிடமும் கேளுங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். அன்றைக்குச் சொன்ன மாதிரி, காரணம் சொல்லாமல் "விடவேண்டாம்" என்று இனிச் சொல்லமாட்டோம்.

முடிக்கும் முன்னே நானாவின் சங்கதி. அவர் பிறகு வரவில்லை. கொப்பிக் கடன் அப்படியே நின்றது. அதைப் பற்றி முதலில் பேசியது மேல் லயத்து அக்காமார் சிலர். "டொபியில் மருந்து என்றீர்கள், அதைத் தின்ற புள்ளைகள் எல்லாம் நல்லாத்தானே ஓடித் திரியுதுகள். அந்த மனுசனுக்குக் காசு குடுக்கணுமே" என்று எங்களிடம் வந்து சொன்னார்கள். சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போன நேரம் மருதமுனையில் அவர் வீட்டைத் தேடிப் போனோம். கொப்பியை எடுத்து வந்தார். ஒவ்வொரு பேராக வாசித்து, கட்டியதற்குக் கோடு போட்டார். கட்டாத பேர்களும் மிச்சம் இருந்தன. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்களை மட்டும் ஒன்று கேட்டார். "நீங்க எண்டாலும் அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கு இங்கே நின்று பேசியதுதான் அந்தப் பதில். பிந்திய பதில்தான். அவருக்கு இப்போது மலை ஏற முழங்கால் இடங்கொடுக்காதாம். மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் சேலை பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் கட்டை அவிழ்த்துக் காட்ட இடம் கொடுங்கள். கொப்பியில் மிச்சம் இருக்கிற பேர்காரர் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் வாசிக்கமாட்டோம். அவரவர் கணக்கை அவரவரே பார்த்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு எங்கள் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.